கடவுளும் இன்ஷியூரன்சும்

மதத்தைப் பற்றி நாம் எப்பொழுது கேள்வி கேட்டாலும், பக்தர்களிடமிருந்தும் பண்டிதர்களிடமிருந்தும் ஒரே பதில்தான் தயாராக வருகின்றது. அதாவது, “மதம் என்பது ஆத்மாவிற்குச் சம்பந்தப்பட்ட விஷயம், அதை ரூபாய் அணாக் கணக்கில் அடக்க முடியாது, தராசில் வைத்து நிறுக்க முடியாது, ஆராய்ச்சிக்கு அது அப்பாற்பட்டது” என்பதாகும். சரி, இப்படிச் சொல்லுகிறவர்களில் எவராவது உண்டியலில் விழுந்த பணத்தை எண்ணாமல் விட்டதுண்டா? கோவில் நிலத்துக் குத்தகை நெல்லை அளக்காமல் விட்டதுண்டா? தசம பாகம் வாங்குகிற பாதிரி, பத்தில் ஒன்று எவ்வளவு என்று கணக்குப் போடாமல் வாங்கியதுண்டா? வாங்குகிறவன் கணக்குப் பார்க்கலாம், கொடுக்கிறவன் மாத்திரம் “இதனால் எனக்கு என்ன வந்தது?” என்று கணக்குக் கேட்கக் கூடாது என்றால், இது எந்த ஊர் நியாயம் என்று கேட்கின்றோம்.

ஆனால், இவர்கள் கூடாது என்று சொல்லிக் கொண்டிருக்கும்போதே, உலகத்திலுள்ள அறிவாளிகள் சுமார் நூற்றைம்பது வருஷ காலமாக மதத்தைக் கணக்குப் பார்த்துக் கொண்டேதான் வந்திருக்கிறார்கள். பொருளாதார சாஸ்திரிகளும், சமூக சாஸ்திரிகளும், வைத்தியர்களும் எண்ணியும் அளந்தும் எழுதி வைத்திருக்கிறார்கள். இவர்களெல்லாம் நாஸ்திகர்கள் என்று வாசகர்கள் எண்ணிவிட வேண்டாம். இவர்களில் பலர் கடவுள் நம்பிக்கை உள்ளவர்கள். சிலர் மதத்திற்கு அனுகூலமான ஸ்தாபனங்களின் பணத்தைக் கொண்டே ஆராய்ச்சி செய்தவர்கள். ஆகையால், இதில் நம்முடைய சொந்தச் சரக்கு ஒன்றும் இல்லை. அவர்கள் கண்டதை எடுத்துக் காட்டி, அதிலிருந்து நியாயமாக ஏற்படும் முடிவு என்ன என்று கேட்பதுதான் நம்முடைய வேலை.

முதலில் பாதிரிமார்களிடமிருந்தே ஆரம்பிப்போம். 1744-ம் வருஷத்தில் ஸ்காட்லாந்து தேசத்தில் அலெக்ஸாண்டர் வெப்ஸ்டர், ராபர்ட் வாலஸ் என்ற இரண்டு பாதிரிகள் ஒரு நிதி ஏற்படுத்தினார்கள். பாதிரிகள் இறந்து போனால் அவர்களுடைய மனைவி மக்கள் சோற்றுக்குத் திண்டாடாமல் இருக்கும்படி, ஒவ்வொரு பாதிரியும் உயிரோடு இருக்கும்போதே வருஷா வருஷம் சந்தா கட்டி வரவேண்டும் என்பது அதன் திட்டம். எவ்வளவு சந்தா வாங்கினால் நிதி முழுகாமல் இருக்கும் என்பதை அவர்கள் எப்படித் தீர்மானித்தார்கள்? முழங்காலில் நின்று ஜபித்தா? பரலோகத்திலிருந்து உத்தரவு வாங்கியா? இல்லை. ஸ்காட்லாந்தில் எக்காலத்திலும் சுமார் 930 பாதிரிகள் உயிரோடிருப்பார்கள், அவர்களில் வருஷத்திற்குச் சராசரி 27 பேர் சாவார்கள், அந்த 27 பேரில் 18 பேர் விதவைகளை விட்டுச் சாவார்கள் என்று புள்ளிக் கணக்கு எடுத்தார்கள். காலின் மக்லாரின் என்ற கணிதப் பேராசிரியரின் உதவியையும் நாடினார்கள். நாளைய தினத்தைப் பற்றிக் கவலைப்படாமல் ஆண்டவனை நம்பு என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவர்கள், தங்கள் பெண்டு பிள்ளைகள் விஷயத்தில் மாத்திரம் ஆண்டவனை நம்பாமல் கணக்குப் புஸ்தகத்தை நம்பினார்கள். இதற்காக அவர்களை நாம் குறை கூறவில்லை. கெட்டிக்காரத்தனமான காரியம்தான். அந்தக் கெட்டிக்காரத்தனத்தை மற்றவர்களுக்கும் ஏன் உபதேசிக்கவில்லை என்பதுதான் நம்முடைய கேள்வி.

அது மனிதனுடைய உயிர் சம்பந்தப்பட்டது. கடவுளுடைய வீட்டுச் சங்கதி என்ன? 1887-ல் இங்கிலாந்தில் சர்ச்சுக் கட்டடங்களை நெருப்பு விபத்துக்கு எதிராக இன்ஷியூர் செய்வதற்கென்றே ஒரு தனிக் கம்பெனி ஏற்பட்டது. அதற்குப் பெயரே சர்ச்சு இன்ஷியூரன்ஸ் என்று பொருள்படும் பெயர்தான். அது சீமைச் சங்கதி என்பீர்களானால், நம் தேசத்திற்கே வருவோம். மும்பையில் கிங்ஸ் சர்க்கிள் என்னும் இடத்தில் வருஷந்தோறும் விநாயக சதுர்த்திக்குப் பிள்ளையார் வைத்து உற்சவம் செய்யும் ஒரு மண்டலியார், 2024-ம் வருஷத்து உற்சவத்திற்கு 400 கோடி ரூபாய்க்கு மேல் இன்ஷியூரன்ஸ் எடுத்தார்கள். பிள்ளையாரின் நகை திருட்டுப் போகாமல் இருக்கவும், பந்தல் தீப்பற்றினால் நஷ்டம் வராமல் இருக்கவும், தரிசனத்துக்கு வருகிறவர்களுக்கும் தொண்டர்களுக்கும் விபத்து நேர்ந்தால் பணம் கிடைக்கவும் இந்த ஏற்பாடு. விக்கினங்களை நீக்குகிறவர் என்று சொல்லப்படுகிற சாமிக்கே விக்கினம் வரக்கூடும் என்று அவருடைய பக்தர்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்! கம்பெனியாரும், “உங்களுக்கு எதற்கு ஐயா பாலிசி? சாமி பார்த்துக் கொள்ள மாட்டாரா?” என்று கேட்கவில்லை. மற்றச் சரக்குகளுக்கு வாங்குவதைப் போலவே பிரிமியத்தை வாங்கிப் பெட்டியில் போட்டுக் கொண்டார்கள்.

இந்த இன்ஷியூரன்ஸ் கம்பெனிக்காரர்களுடைய நடத்தையை 1872-லேயே பிரான்சிஸ் கால்ட்டன் என்ற ஆங்கில விஞ்ஞானி கவனித்து எழுதினார். (இந்தக் கால்ட்டன் மனிதர்களைப் பிறவியைக் கொண்டு தரம் பிரிக்கப் பார்த்தவர், அந்த அபிப்பிராயம் நமக்கு அடியோடு விரோதமானது. ஆனாலும் அவர் செய்த கணக்கு கணக்குத்தான்.) பிரார்த்தனைக்குப் பலன் உண்டானால் அது புள்ளிக் கணக்கில் தெரிய வேண்டுமே என்று அவர் கேட்டார். இங்கிலாந்தில் ராஜ குடும்பத்தாருடைய தீர்க்காயுசுக்காக தேசத்திலுள்ள சர்ச்சுகளிலெல்லாம் ஞாயிறுதோறும் ஜபம் நடக்கிறது. அப்படியானால் அவர்களல்லவா எல்லோரையும்விட அதிக வயது உயிரோடிருக்க வேண்டும்? முப்பது வயதைத் தாண்டியவர்களின் ஆயுளை எடுத்துப் பார்த்ததில் ராஜ குடும்பத்தார் 97 பேருக்குச் சராசரி வயது 64.04. பாதிரிகளுக்கு 69.49. வக்கீல்களுக்கு 68.14. கிராமத்துக் கனவான்களுக்கு 70.22. ஊரெல்லாம் கூடி ஜபித்தவர்களுக்குத்தான் எல்லோரையும்விடக் குறைந்த ஆயுள்! பாதிரிகளுக்குக் கொஞ்சம் அதிகம் இருக்கிறதே என்றால், வேட்டையாடிக் கொண்டு திரிந்த கனவான்களுக்கு அதைவிட அதிகம் இருக்கிறது. நாட்டுப்புறத்து நல்ல காற்றும் கவலையில்லாத ஜீவனமுமே இதற்குக் காரணம் என்று சிறு பிள்ளைக்கும் தெரியும். இவற்றோடு இன்னொன்றும் கால்ட்டன் எழுதினார்: லாபத்திற்காகத் துரும்பையும் விடாமல் விசாரிக்கிற இன்ஷியூரன்ஸ் கம்பெனிகள், ஆள் ஜபம் செய்கிறவனா இல்லையா என்று மாத்திரம் விசாரிப்பதில்லை. அதில் லாப நஷ்டம் ஏதாவது இருந்தால் விட்டிருப்பார்களா?

இது பழைய கதை என்று தள்ள முடியாதபடி, 2006-ல் அமெரிக்காவில் ஒரு பெரிய பரீக்ஷையின் முடிவு வெளியாயிற்று. ஹார்வர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த ஹெர்பர்ட் பென்சன் என்னும் டாக்டரும் அவருடைய சகாக்களும், இருதய ஆபரேஷன் செய்து கொண்ட 1,802 நோயாளிகளை ஆறு ஆஸ்பத்திரிகளில் மூன்று பகுதியாகப் பிரித்தார்கள். இதற்கான பணத்தில் பெரும்பகுதியைக் கொடுத்தது மதத்திடம் அபிமானமுள்ள டெம்பிள்டன் ஸ்தாபனம். முதல் பகுதியாருக்காகப் பிரார்த்தனை நடந்தது. இரண்டாம் பகுதியாருக்காக நடக்கவில்லை. தங்களுக்காகப் பிரார்த்தனை நடக்கிறதா இல்லையா என்பது இவ்விரு பகுதியாருக்கும் தெரியாது. மூன்றாம் பகுதியாருக்குப் பிரார்த்தனையும் நடந்தது. நடக்கிறது என்று சொல்லவும் சொன்னார்கள். ஆபரேஷனுக்குப் பின்னால் கோளாறு ஏற்பட்டவர்கள் எவ்வளவு? பிரார்த்தனை செய்யப்பட்ட முதல் பகுதியில் நூற்றுக்கு 52. செய்யப்படாத பகுதியில் நூற்றுக்கு 51. பிரார்த்தனை நடக்கிறது என்று தெரிந்துகொண்ட பகுதியிலோ நூற்றுக்கு 59! நமக்காக ஜபம் செய்யும் அளவுக்கு நம் நிலைமை மோசமாகிவிட்டதோ என்ற கவலையே இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். காரணம் எதுவாயினும் ஆகட்டும். பிரார்த்தனையால் பலன் ஒன்றும் கண்டுபிடிக்கப்படவில்லை என்பது பிரார்த்தனையில் அபிமானமுள்ள பணத்தைக் கொண்டே ருஜுவாயிற்று.

இந்த இடத்தில் பக்தர்கள் தங்கள் பேச்சை மாற்றிக் கொள்வார்கள். “பலனை யார் ஐயா எதிர்பார்த்தது? கும்பிட்டால் மனதுக்கு ஓர் ஆறுதல், ஒரு தைரியம். அதற்காகத்தான் மதம்” என்பார்கள். நல்லது. அப்படியே வைத்துக் கொள்வோம். ஆறுதல் தேவைப்படும்படி மனதில் இருப்பது என்ன? பயம். எதைப் பற்றிய பயம்? நாளைக்கு வேலை இருக்குமா, மழை பெய்யுமா, பிள்ளை பிழைக்குமா, செத்தால் அடக்கம் செய்யப் பணம் இருக்குமா என்கிற பயம். இந்தப் பயம் அதிகமானால் மதம் அதிகமாகிறதா, பயம் குறைந்தால் மதம் குறைகிறதா என்று பார்த்துவிட்டால் விஷயம் விளங்கிவிடும் அல்லவா? அதையும் பார்த்திருக்கிறார்கள்.

நியூகினி தேசத்துக்குப் பக்கத்தில் டிரோபிரியாண்டு என்னும் தீவுகளில் சென்று ஜனங்களோடு வசித்த மலினோவ்ஸ்கி என்ற ஆராய்ச்சிக்காரர் 1925-ல் எழுதியதைக் கேளுங்கள். அந்தத் தீவார் இரண்டு விதமாக மீன் பிடிப்பார்கள். ஒன்று, கரைக்குள் அடங்கிய அலையில்லாத காயலில்; அதில் ஆபத்தும் இல்லை, மீனும் நிச்சயமாகக் கிடைக்கும். மற்றொன்று நடுக்கடலில், அதில் புயலும் உண்டு, வெறும் வலையோடு திரும்புவதும் உண்டு. காயலில் மீன் பிடிக்கப் போகிறவன் மந்திரமும் சொல்லுவதில்லை, பூசையும் போடுவதில்லை. தன் கைத்திறமையை நம்பிப் போகிறான். நடுக்கடலுக்குப் போகிறவனுக்குத்தான் பெரிய பெரிய மந்திரச் சடங்குகளெல்லாம். ஒரே ஜனங்கள், ஒரே தெய்வங்கள், ஒரே தொழில். நிச்சயம் இருக்குமிடத்தில் மந்திரம் இல்லை. நிச்சயமில்லாத இடத்தில் மந்திரம் இருக்கிறது.

காட்டு ஜனங்களின் கதை என்று நாகரிகர்கள் மூக்கைச் சுளிக்க வேண்டாம். டென்மார்க்கைச் சேர்ந்த ஜேனட் பென்ட்சன் என்னும் பொருளாதார சாஸ்திரி அம்மையார் 2019-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், பூகம்பம் நேர்ந்த ஜில்லாக்களில் ஜனங்களுக்கு மதப்பற்று அதிகமாகிறது என்று கண்டார். கொரோனாக் காய்ச்சல் பரவிய 2020-ல் 107 தேசங்களில் ஜனங்கள் கூகிளில் எதைத் தேடினார்கள் என்பதையும் பார்த்தார். பிரார்த்தனையைப் பற்றிய தேடல் நூற்றுக்கு 30 பங்கு அதிகமாகி, அதுவரை பதிவாகாத உச்சத்திற்குப் போயிருந்தது. கையில் டெலிபோனை வைத்துக்கொண்டிருக்கிறவனும் நடுக்கடல் மீன்காரன்தான். பயம் வந்தால் மந்திரத்தைத் தேடுகிறான்.

1997, 98-ல் இந்தோனேசியாவில் நாணயத்தின் மதிப்பு திடீரென்று விழுந்து, சாமான்களின் விலை தலைக்கு மேல் ஏறிற்று. டானியல் சென் என்பவர் அந்தச் சமயத்தில் நடந்ததை ஆராய்ந்து 2010-ல் வெளியிட்டார். எந்தக் குடும்பங்களுக்குக் கஷ்டம் அதிகமோ, அந்தக் குடும்பங்களே குர்ஆன் வகுப்புகளில் அதிகமாய்ப் போய்ச் சேர்ந்தன. ஆனால் முக்கியமான சங்கதி இனிமேல்தான் இருக்கிறது. எந்த இடங்களில் கடன் கொடுக்கும் வசதி இருந்ததோ, அந்த இடங்களில் இந்த வேகம் குறைந்து காணப்பட்டது. வேதம் அதே வேதம், உபதேசிகளும் அதே உபதேசிகள். அவசரத்துக்குக் கைமாற்று வாங்க ஓர் இடம் இருந்தது ஒன்றே வித்தியாசம்.

இவை எல்லாவற்றிலும் நேரான ருஜு ஆப்பிரிக்காவில் கானா தேசத்திலிருந்து வந்தது. அங்குள்ள ஒரு பெந்தெகொஸ்தே சபையில், எம்மனுவேல் ஓரியோல் என்னும் அம்மையாரும் அவருடைய சகாக்களும் ஒரு பரீக்ஷை செய்து 2020-ல் வெளியிட்டார்கள். சபையாரில் சிலரைச் சீட்டுப் போட்டு எடுப்பதுபோல் பொறுக்கி, அவர்களுக்கு ஒரு சவ அடக்க இன்ஷியூரன்ஸ் பாலிசி எடுத்துக் கொடுத்தார்கள். மற்றும் சிலருக்குப் பாலிசி கொடுக்காமல், இப்படி ஓர் இன்ஷியூரன்ஸ் இருக்கிறது என்ற விவரத்தை மாத்திரம் சொன்னார்கள். பிறகு எல்லோர் கையிலும் பணத்தைக் கொடுத்து, “இதில் உங்களுக்கு வேண்டியதை வைத்துக் கொள்ளலாம், சபைக்குக் கொடுக்க விரும்பியதைக் கொடுக்கலாம்” என்று விட்டார்கள். என்ன ஆயிற்று? பாலிசி கிடைத்தவர்கள் சபைக்குக் கொடுத்த காணிக்கை குறைந்துபோயிற்று! அவர்களிடம் யாரும் நாஸ்திகப் பிரசங்கம் செய்யவில்லை. வேதத்தில் ஆபாசம் இருக்கிறது என்று எடுத்துக் காட்டவில்லை. கடவுள் இல்லை என்று யாரும் சொல்லவில்லை. ஒரு துண்டுக் காகிதம், செத்தால் குடும்பத்துக்குப் பணம் வரும் என்கிற ஒரு துண்டுக் காகிதம், அவ்வளவுதான் கொடுத்தார்கள்.

தோழர்களே! இதன் அர்த்தம் என்ன? காணிக்கை என்று ஏழை போடுகிற காசில் ஒரு பங்கு பக்தியல்ல, பிரிமியம் என்பதுதான். ஆபத்துக் காலத்தில் மேலே ஒருவர் கை கொடுப்பார் என்று நம்பி அவன் கட்டுகிற சந்தா அது. வேறிடத்தில் நிஜமான பாலிசி கிடைத்தவுடன் அவன் பழைய கம்பெனிக்குக் கட்டுவதைக் குறைத்துக் கொள்ளுகிறான். மதம் என்பது உலகத்திலேயே மிகவும் பழமையான இன்ஷியூரன்ஸ் கம்பெனி. ஆனால் மற்றக் கம்பெனிகளுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. மற்றவர்கள் பாலிசியில் எழுதிக் கொடுப்பார்கள். இவர்கள் எழுதிக் கொடுப்பதில்லை. மற்றவர்கள் பணம் கொடுக்க மறுத்தால் கோர்ட்டுக்குப் போகலாம். இவர்கள் மறுத்தால், “உன் பக்தி போதாது, பூர்வ ஜன்ம பாவம், இன்னும் அதிகமாகக் கட்டு” என்பார்கள். நஷ்டஈடு கொடுக்காததையே காரணமாகக் காட்டிச் சந்தாவை உயர்த்துகிற கம்பெனி வேறு எங்காவது உண்டா? அவர்கள் கொடுப்பதாகச் சொல்லும் பெரிய தொகையெல்லாம் செத்த பிறகு கிடைப்பது. வந்து சேர்ந்ததா இல்லையா என்று எவனும் திரும்பி வந்து புகார் செய்ததில்லை.

ஏஜண்டுகளுடைய சங்கதியும் அப்படியேதான். பொருளாதார சாஸ்திரத்தின் தகப்பனார் என்று சொல்லப்படும் ஆடம் ஸ்மித், 1776-ல் வெளிவந்த தமது பெரிய புஸ்தகத்திலேயே இதை எழுதிவிட்டார். மானியத்திலும் நிலையான வரும்படியிலும் ஜீவிக்கிற குருமார்கள் சோம்பேறிகளாகி விடுகிறார்கள் என்றும், ஜனங்கள் மனமுவந்து கொடுப்பதை நம்பி ஜீவிக்கிறவர்களோ அதிக ஊக்கத்தோடு வேலை செய்கிறார்கள் என்றும் அவர் கண்டார். சம்பளக்காரனுக்கும் கமிஷன்காரனுக்கும் உள்ள வித்தியாசம்தானே இது? ஆத்மாவைக் கரையேற்றுகிற தொழிலில் கமிஷன் என்ன வேலை செய்கிறது என்று கேட்கின்றோம்.

நிற்க. கம்பெனிக்குப் போட்டியாகச் சர்க்கார் வந்தால் என்ன நடக்கும்? அதுவும் நடந்து பார்த்தாகிவிட்டது. 1929-க்குப் பிறகு அமெரிக்காவில் வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடிய காலத்தில், சர்ச்சுகள் ஏழைகளுக்குத் தர்மம் செய்து வந்தன. 1933 முதல் ரூஸ்வெல்ட் சர்க்கார் புதிய திட்டம் என்ற பெயரால் வேலையும் நிவாரணமும் கொடுக்க ஆரம்பித்தது. ஜொனாதன் குரூபர், டானியல் ஹங்கர்மன் என்ற இருவர் அந்தக் காலத்துக் கணக்குகளை எடுத்துப் பார்த்து 2007-ல் வெளியிட்டதில், சர்க்கார் உதவி வந்ததன் காரணமாகச் சர்ச்சுகளின் தர்மச் செலவு நூற்றுக்கு 30 பங்கு குறைந்தது என்று கண்டார்கள். 2004-ல் பிப்பா நாரிஸ், ரொனால்டு இங்கிள்ஹார்ட் என்பவர்கள் பல தேசங்களை ஒப்பிட்டு எழுதிய நூலிலும் இதே முடிவுதான். ஜீவனத்துக்கு நிச்சயம் ஏற்பட்ட தேசங்களில் மதத்தின் பிடி தளருகிறது. நிச்சயமில்லாத தேசங்களில் இறுகுகிறது. அமெரிக்கா பணக்கார தேசமாயிற்றே, அங்கே ஏன் மதம் இவ்வளவு பலமாக இருக்கிறது என்று கேட்கலாம். பணம் தேசத்தில் இருந்தால் போதுமா? ஏற்றத் தாழ்வு அதிகமாகவும், வேலை போனால் வைத்தியமும் போய்விடும்படியும் இருக்கிற இடத்தில் பணக்கார தேசத்துக் குடியும் பயந்தவனாகத்தானே இருப்பான் என்று அவர்களே பதில் சொல்லியிருக்கிறார்கள்.

இனி, நம் ஏழைகள் கட்டுகிற சந்தாவைக் கொஞ்சம் பார்ப்போம். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ என்ற இருவர் (இவர்கள் 2019-ல் நோபல் பரிசு பெற்றவர்கள்) 2007-ல் வெளியிட்ட ஒரு கட்டுரையில் ராஜஸ்தானத்து உதயப்பூர்ப் பகுதியைப் பற்றிய கணக்கு இருக்கிறது. அங்குள்ள பரம ஏழைக் குடும்பங்களில் நூற்றுக்கு 99-க்கு மேற்பட்டவை ஒரு வருஷத்தில் கலியாணம், சாவு, சாமி பண்டிகை ஆகியவற்றில் ஏதாவது ஒன்றுக்காகச் செலவழித்திருக்கின்றன. நடுத்தரமான ஒரு குடும்பம் இவற்றிற்காகச் செலவழித்தது வருஷச் செலவில் பத்தில் ஒரு பங்கு. அந்தப் பத்தில் ஒரு பங்கு யார் வயிற்றிலிருந்து எடுத்தது? அதே ஜனங்களில் பெரும்பாலோர் உடம்பு மெலிந்தும் இரத்தமில்லாமலும் இருந்தார்கள் என்று அதே கட்டுரை சொல்லுகிறது.

பணம் மாத்திரமல்ல, காலமும் நஷ்டம். மெக்சிகோ தேசத்தில் ஒவ்வோர் ஊருக்கும் ஒரு காவல் புனிதர் உண்டு. வருஷத்தில் ஒரு நாள் அவருக்குத் திருவிழா. எடுவார்டோ மான்டெரோ, டீன் யாங் என்ற இருவர் 2022-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், எந்த ஊர்களில் திருவிழா விதைப்புக் காலத்திலோ அறுப்புக் காலத்திலோ வந்து விழுகிறதோ, அந்த ஊர்கள் மற்ற ஊர்களைவிட வருமானத்தில் பின்தங்கி நிற்கின்றன என்று கண்டார்கள். விதைக்க வேண்டிய சமயத்தில் வாணவேடிக்கைக்கு வசூல் செய்தால் வேறென்ன ஆகும்? ஊருக்குக் காவலாக வைத்த புனிதரே ஊரின் நெல்லைத் தின்றுவிட்டார்.

இதற்கு மதக்காரர்கள் சொல்லக்கூடிய சமாதானத்தையும் மறைக்காமல் எடுத்துக் கொள்வோம். “மதத்தால் ஒற்றுமை ஏற்படுகிறது, கஷ்ட காலத்தில் ஒரே சபையார் ஒருவருக்கொருவர் உதவி செய்துகொள்ளுகிறார்கள், இதையும் உங்கள் ஆராய்ச்சிக்காரர்கள்தானே சொல்லுகிறார்கள்?” என்பார்கள். ஆம், சொல்லுகிறார்கள். கானாவிலும் இந்தோனேசியாவிலும் சபையார் பரஸ்பரம் கை கொடுத்தது உண்மைதான். மெக்சிகோ ஊர்களிலும் திருவிழாவால் கட்டுப்பாடு வளர்ந்தது உண்மைதான். ஆனால் கை கொடுத்தது யாருடைய கை? மனிதனுடைய கை. அரிசி கொடுத்தவன் அண்டை வீட்டுக்காரன். நன்றி மாத்திரம் ஆகாயத்துக்குப் போகிறது. இடையில் நிற்கிறவனுக்குத் தட்சணை போகிறது. இந்த உதவிக்கு ஒரு விலையும் உண்டு. லாரன்ஸ் அயனக்கோன் என்ற பொருளாதார சாஸ்திரி 1992-ல் இதை விளக்கினார். உழைக்காமல் உதவி மாத்திரம் பெற வருகிறவர்களைத் தடுப்பதற்காகவே பல சபைகள் விசேஷ உடை, விசேஷ ஆகாரக் கட்டுப்பாடு, வெளியாரோடு கலக்காமை முதலிய நிபந்தனைகளைப் போடுகின்றன என்பது அவர் முடிவு. அதாவது, உள்ளே இருக்கிறவனுக்குக் கிடைக்கிற சோறு, வெளியே இருக்கிறவனைத் தள்ளி வைப்பதைக் கொண்டே காப்பாற்றப்படுகிறது. நம் தேசத்து ஜனங்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டுமா? சொந்த ஜாதிக்குள் ஒற்றுமை, சொந்த ஜாதிக்குச் சத்திரம், சொந்த ஜாதிக்குக் கைமாற்று என்று எவ்வளவு அன்பாக இருக்கிறார்கள்! அந்த அன்பின் மறுபக்கம்தானே தீண்டாமை?

“சந்தோஷமாவது கிடைக்கிறதே, அதையும் ஏன் கெடுக்கிறீர்கள்?” என்று கடைசியாகக் கேட்பார்கள். இதற்கும் கணக்கு இருக்கிறது. ஃபிலிப் கம்பான்டே, டேவிட் யானகிசாவா டிராட் என்ற இருவர் 2015-ல் வெளியிட்டதில், ரம்ஜான் நோன்பு நேரம் நீண்டுவிடுகிற வருஷங்களில் முஸ்லிம் தேசங்களில் பொருளாதார வளர்ச்சி குறைகிறது, ஆனால் ஜனங்கள் தாங்கள் திருப்தியாக இருப்பதாகச் சொல்லுவது அதிகமாகிறது என்று கண்டார்கள். இருக்கட்டும். திருப்தி இருந்தால் அது உண்மையாகிவிடுமா? அபினி தின்று தூங்குகிற குழந்தையும் அழாமல்தான் இருக்கிறது. தாயார் வயலுக்குப் போய் வர வேண்டியிருக்கிறதே, வீட்டில் பார்த்துக் கொள்ள ஆள் இல்லையே என்று நாம் தாயார்மேல் இரக்கப்படுவோம். அதற்காக அபினி நல்ல ஆகாரம் என்று ஒப்புக் கொள்வோமா?

இங்கே பகுத்தறிவுக்காரர்கள் என்று தங்களைச் சொல்லிக் கொள்ளும் சிலருக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. பக்தனைப் பார்த்துச் சிரிப்பதோடு தங்கள் கடமை தீர்ந்துவிட்டதாக அவர்கள் நினைக்கிறார்கள். சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, மாதம் பிறந்தால் பென்ஷன் வாங்கிக் கொண்டு, “இந்தப் பாமர ஜனங்களுக்குப் புத்தி இல்லையே” என்று சலித்துக் கொள்ளுகிறார்கள். காயலில் மீன் பிடிக்கிறவன் நடுக்கடல் மீன்காரனைப் பார்த்துச் சிரிப்பதில் என்ன கெட்டிக்காரத்தனம் இருக்கிறது? நிச்சயமான வரும்படி உள்ளவன் பயமில்லாமல் இருப்பது அவனுடைய அறிவினால் மாத்திரம் அல்ல. மந்திரத்தைக் கண்டிக்க வேண்டியதுதான். அதில் ஓர் அணுவும் குறைக்க வேண்டியதில்லை. ஆனால் கடலில் போகிறவனுக்கு நல்ல படகும் கொடுக்கச் சொல்லிச் சர்க்காரைக் கேட்கிறவனே உண்மையான பகுத்தறிவுக்காரன்.

நம் சர்க்கார் கொடுக்கிற படகு எப்படி இருக்கிறது? ஏழைக் கிழவர் கிழவிகளுக்கு மத்திய சர்க்கார் தன் பங்காகக் கொடுக்கிற பென்ஷன், எண்பது வயதுக்குக் குறைந்தவர்களுக்கு, 2007 வாக்கில் மாதம் 200 ரூபாய். 2024-லும் அதே 200 ரூபாய்! மாநிலங்கள் மேற்கொண்டு போட்டுக் கொடுப்பது வேறு சங்கதி. விலைவாசி எத்தனை மடங்கு ஏறினாலும் இந்த இருநூறு அசையவில்லை. ஒரு பிள்ளையாருக்கு ஐந்து நாளைக்கு 400 கோடி ரூபாய் பத்திரம். ஒரு கிழவிக்கு மாதம் முப்பது நாளைக்கு 200 ரூபாய் பத்திரம்! வைத்தியமோ, 2021-22-ம் வருஷத்துச் சர்க்கார் கணக்குப்படியே, தேசத்தின் மொத்த வைத்தியச் செலவில் நூற்றுக்கு 39.4 பங்கு ஜனங்கள் தங்கள் மடியிலிருந்து நேராக அவிழ்த்துக் கொடுத்தது. அதற்குமுன் இன்னும் மோசம். இப்படியிருக்க, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் தாயார் மஞ்சள் துணியில் காசை முடிந்து வைக்காமல் வேறு என்ன செய்வாள்?

சர்க்கார் விட்ட இடத்தில் மதக்காரர்கள் வந்து நிற்கிறார்கள் என்பதற்கும் ஆதாரம் உண்டு. ஸ்ரீயா ஐயர் என்னும் பொருளாதார சாஸ்திரி அம்மையார், இந்தியாவில் ஏழு மாநிலங்களில் சுமார் 600 மத ஸ்தாபனங்களை விசாரித்து 2018-ல் ஒரு நூல் வெளியிட்டார். அந்த ஸ்தாபனங்கள் பூசையோடு நிற்காமல் பள்ளிக்கூடம், வைத்தியம், அன்னதானம் முதலியவற்றையும் நடத்துகின்றன என்றும், ஏற்றத்தாழ்வு மிகுதியாவதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு என்றும் அவர் எழுதினார். சோறு போடுகிறவனைக் குறை சொல்லலாமா என்று கேட்பார்கள். பசித்தவனுக்குச் சோறு போடுவதை நாம் குறை சொல்லவில்லை. குடிமகன் என்ற பாத்தியத்தால் கிடைக்க வேண்டிய சோறு, பக்தன் என்ற அடிமைத்தனத்தால் கிடைக்கும்படி ஆகிவிட்டதே என்பதுதான் நம்முடைய குறை. பாத்தியத்தால் வாங்குகிறவன் நிமிர்ந்து நின்று வாங்குவான். பிரசாதமாக வாங்குகிறவன் குனிந்துதான் வாங்க வேண்டும்.

ஆகவே, நாம் கேட்பது இவைதான். ஒன்று, ஜனங்களிடம் பணம் வாங்குகிற எந்த மத ஸ்தாபனமானாலும், எந்த மதத்தைச் சேர்ந்ததானாலும், இன்ஷியூரன்ஸ் கம்பெனி கணக்குக் காட்டுவதுபோல் வருஷந்தோறும் வரவு செலவைப் பகிரங்கமாய் வெளியிட வேண்டும். இரண்டு, விளைச்சல் பொய்த்தால் நஷ்டஈடு, வியாதிக்கு இலவச வைத்தியம், வயதான காலத்துக்கு வயிறு நிரம்பக்கூடிய பென்ஷன், செத்தால் அடக்கச் செலவு ஆகிய இந்த நான்கும் எந்தச் சாமியின் தயவும் இல்லாமல் ஒவ்வொருவருக்கும் நிச்சயமாய்க் கிடைக்கும்படி செய்ய வேண்டும். மூன்று, பிரார்த்தனை செய்யப்பட்டவர்களையும் செய்யப்படாதவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்ணிப் பார்க்கிறார்களே, அந்தச் சாதாரண வித்தையைப் பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டும். எண்ணிப் பார்க்கப் பழகிய பிள்ளையை ஏமாற்றுவது கஷ்டம்.

இவற்றைச் சர்க்கார் செய்கிற வரையில் வாசகர்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை. ஒரு காகிதத்தை எடுத்து நடுவில் ஒரு கோடு போடுங்கள். இடது பக்கத்தில் சென்ற ஒரு வருஷத்தில் உங்கள் வீட்டிலிருந்து உண்டியல், நேர்த்திக்கடன், யாத்திரை, அர்ச்சனை, ஜோசியம், பரிகாரம், சபைக் காணிக்கை, தர்கா நேர்ச்சை என்று போன பணத்தை எழுதுங்கள். வலது பக்கத்தில் வைத்தியம், பிள்ளைகளின் படிப்பு, ஆயுள் இன்ஷியூரன்ஸ், சேமிப்பு என்று போனதை எழுதுங்கள். அதன் கீழே, ஆபத்து வந்த நாளில் எந்தப் பக்கத்திலிருந்து உங்களுக்குப் பணம் வந்தது என்பதையும் எழுதுங்கள். ஸ்காட்லாந்துப் பாதிரிகள் தங்கள் மனைவிமார்களுக்காகப் போட்டுப் பார்த்த கணக்கு இதைவிட வேறல்ல. அதை உங்கள் வீட்டுப் பெண்களுக்காக நீங்களும் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.